ஐம்பத்து மூன்று மணிகள்: மலேசியத் தமிழ்க் கத்தோலிக்கரின் எளிய பக்தி

ஜூலை மாதம் பிறந்துவிட்டால் பினாங்கு மாநிலத்தின் புக்கிட் மெர்தாஜாம் நகரம் திருவிழாக் கோலம் பூண்டுவிடும். கூலிம் சாலையில் பேருந்துகள் வரிசையாக நிற்கும். ஈப்போவிலிருந்தும் கிள்ளானிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் குடும்பம் குடும்பமாக மக்கள் வந்து இறங்குவார்கள். எல்லாரும் நாடி வருவது புனித அன்னம்மாள் ஆலயத்தை. ஜூலை 26-ஆம் நாள் அவருடைய திருநாள். அன்று கூடும் கூட்டம் ஓர் இலட்சத்தைத் தாண்டும் எனச் செய்தித்தாள்கள் எழுதுவது வழக்கம்.

வந்தவர்கள் என்ன செய்கிறார்கள்? மெழுகுவத்தி ஏற்றுகிறார்கள். சுரூபத்தைத் தொட்டு அந்தக் கையை நெற்றியில் வைத்துக்கொள்கிறார்கள். பூமாலை சாத்துகிறார்கள். போத்தலில் தீர்த்தம் எடுத்துச் செல்கிறார்கள். சிலர் முழந்தாளிட்டுச் செபமாலை சொல்கிறார்கள். இவற்றில் எதையும் ஒரு பாதிரியார் முன்னின்று நடத்துவதில்லை, யாரும் கட்டளையிடுவதுமில்லை. மக்கள் தாமாகவே செய்கிறார்கள். கத்தோலிக்கத் திருச்சபை இவற்றைப் ‘பக்தி முயற்சிகள்’ என்று அழைக்கிறது.

பல்கலைக்கழக விடுதியில் இந்தப் பக்தி முயற்சிகள் பற்றி இரண்டு திசைகளிலிருந்தும் என்னிடம் கேள்வி வருவதுண்டு. இந்துத் தோழிகள், “நீங்களும் எங்களை மாதிரிதான் மாலை போடுறீங்க, தேர் இழுக்கிறீங்க. அப்புறம் என்ன வித்தியாசம்?” என்பார்கள். பிற கிறிஸ்தவ சபைகளைச் சேர்ந்த தோழிகளோ, “பைபிளில் இல்லாததை எல்லாம் ஏன் செய்றீங்க?” என்பார்கள். இரண்டுமே நியாயமான கேள்விகள். 2010-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி மலேசிய இந்தியர்களில் 100-க்கு ஏறத்தாழ 6 பேரே கிறிஸ்தவர்கள். அந்தச் சிறு கூட்டத்தில் ஒரு பகுதியினரே கத்தோலிக்கர். ஆகவே எங்கள் வீட்டு வழக்கங்கள் பலருக்குப் புதிராக இருப்பதில் வியப்பில்லை. எனக்குத் தெரிந்த அளவில் அவற்றை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கோயிலில் ஒன்று, வீட்டில் ஒன்று

கத்தோலிக்கரின் வழிபாட்டை இரண்டாகப் பிரித்துப் பார்க்கலாம். முதலாவது திருவழிபாடு. திருப்பலி, திருமுழுக்கு, திருமணம் போன்ற அருட்சாதனங்கள் இதில் அடங்கும். இவற்றுக்குக் குரு வேண்டும். வரையறுக்கப்பட்ட சடங்குமுறை உண்டு. உலகம் முழுவதும் ஒரே அமைப்பில் நடக்கும். இரண்டாவது, மேலே சொன்ன பக்தி முயற்சிகள். செபமாலை, நவநாள், தேர்ப்பவனி, சிலுவைப்பாதை, நேர்த்திக்கடன், திருப்பயணம் ஆகியவை இவ்வகையைச் சேர்ந்தவை. இவை ஊருக்கு ஊர் மாறும். குரு இல்லாமலும் நடக்கும்.

முதலாவதே மையம் என்பது திருச்சபையின் போதனை. ஆனால் இரண்டாவதை அது ஒதுக்கிவிடவில்லை. 1963-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட திருவழிபாடு பற்றிய கொள்கைத் திரட்டு, மக்களின் பக்தி முயற்சிகளைப் பாராட்டியதோடு அவை திருவழிபாட்டோடு இசைந்து, மக்களை அதனிடம் கூட்டிச்செல்ல வேண்டும் என்றது. 1975-இல் திருத்தந்தை ஆறாம் பவுல் எளிய மக்களின் பக்தியில் ஏழைகளுக்கே உரிய இறைத்தாகம் வெளிப்படுகிறது என்னும் கருத்தை எழுதினார். 2001-இல் இதற்கென்றே ஒரு வழிகாட்டி நூல் வத்திக்கானிலிருந்து வெளிவந்தது. 2013-இல் திருத்தந்தை பிரான்சிஸ் இந்தப் பக்தியையே நற்செய்தி அறிவிப்பின் ஒரு வடிவமாகக் காட்டினார்.

ஏடுகளில் இவ்வளவு எழுதப்படுவதற்கு நெடுங்காலம் முன்பே எங்கள் வீடுகளில் இந்தப் பக்திக்கு ஒரு நாள்காட்டி இருந்தது. செவ்வாய் அந்தோணியாருக்கு, புதன் சூசையப்பருக்கு, சனி மாதாவுக்கு, மாதத்தின் முதல் வெள்ளி இயேசுவின் திரு இருதயத்துக்கு. மார்ச் சூசையப்பர் மாதம், மே மாதா மாதம், அக்டோபர் செபமாலை மாதம், நவம்பர் இறந்த ஆன்மாக்களின் மாதம். எழுபத்தொன்பது வயதாகும் என் பாட்டிக்கு இன்றும் இந்தக் கணக்கு தவறுவதில்லை.

கப்பலேறி வந்த கோயில்கள்

இந்தப் பக்தி மலாயாவுக்கு எப்படி வந்தது? ஆங்கிலேயர் ஆட்சியில் தமிழர்கள் கரும்பு, காப்பி, ரப்பர் தோட்டங்களுக்கு வந்தபோது அவர்களுள் கத்தோலிக்கர்களும் இருந்தனர். மாரியம்மனையும் முனியாண்டியையும் மற்றவர்கள் கொண்டுவந்தது போல, இவர்கள் வேளாங்கண்ணி மாதாவையும் அந்தோணியாரையும் சவேரியாரையும் கொண்டுவந்தனர். ‘வேதக்காரர்கள்’ என்று இவர்களைத் தோட்டத்தில் அழைப்பார்கள்.

இங்கே அவர்களுக்குக் குருக்களாக வாய்த்தவர்கள் பெரும்பாலும் பிரெஞ்சுக்காரர்கள், பாரிஸ் வெளிநாட்டு மறைப்பணிச் சபையைச் சேர்ந்தவர்கள். அவர்களில் சிலர் தமிழ் கற்று, தமிழ்க் கத்தோலிக்கர்களைத் தனிக் குடியிருப்புகளில் கூட்டினார்கள். பேராக் மாநிலம் பாகான் செராயில் ரெனே ஃபே என்னும் பிரெஞ்சுக் குரு 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமைத்த தமிழ்க் குடியிருப்புக்குச் சூசைப்பாளையம் என்று பெயர். அவரே 1896-இல் மலாக்கா ஆயரானார். சிங்கப்பூரில் தமிழ்க் கத்தோலிக்கர்களுக்கென ஓபீர் சாலையில் கட்டப்பட்ட லூர்து மாதா ஆலயம் 1888-இல் திறக்கப்பட்டது. அது 2005-இல் அந்நாட்டின் தேசிய நினைவுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது.

புக்கிட் மெர்தாஜாம் ஆலயத்தின் வரலாறு 1846-இல் தொடங்குகிறது. அதன் முதல் மக்கள் பெரும்பாலும் ஹக்கா சீன விவசாயிகள். தமிழர்கள் அவர்களோடு சேர்ந்துகொண்டனர். இன்று பழைய கோயில் என்று நாம் காண்பது 1888-இல் எழுந்தது. அவசரகாலத்தின்போது சுற்றியிருந்தவர்கள் இடம்பெயர நேர்ந்தது. 1957-இல் வேறோர் இடத்தில் புதிய கோயில் கட்டப்பட்டது. ஆயினும் பழைய கோயிலுக்கு வரும் கால்கள் நிற்கவில்லை. மினாங்கபாவ் பாணிக் கூரையுடன் கூடிய இப்போதைய பெரிய ஆலயம் 2002-இல் கட்டி முடிக்கப்பட்டது. 2019-இல் இதற்குச் சிறிய பசிலிக்கா என்னும் தகுதி வழங்கப்பட்டது. எந்தக் கோயிலை மக்கள் கைவிட மறுத்தார்களோ அதுவே பின்னாளில் அதிகாரபூர்வச் சிறப்பைப் பெற்றது என்பது சிந்திக்கத்தக்கது.

படிக்கத் தெரியாதவர்களின் சங்கீதம்

பக்தி முயற்சிகளில் முதலிடம் செபமாலைக்கே. ஐரோப்பாவின் மடங்களில் துறவிகள் விவிலியத்திலுள்ள 150 திருப்பாடல்களையும் இலத்தீனில் பாடி வந்தனர். எழுத்தறியாத மக்களால் அது முடியாது. எனவே 150 திருப்பாடல்களுக்கு ஈடாக 150 முறை மங்கள வார்த்தைச் செபத்தைச் சொல்லும் வழக்கம் உருவாயிற்று. எண்ணிக்கை தவறாமலிருக்க மணிகள் கோத்த மாலை உதவியது. பத்துப் பத்தாகப் பிரித்து, ஒவ்வொரு பத்துக்கும் இயேசுவின் வாழ்வில் ஒரு நிகழ்ச்சியைத் தியானிக்கும் முறையும் சேர்ந்தது. 2002-இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் ஒளியின் மறைபொருள்கள் ஐந்தைச் சேர்த்தார். இப்போது மொத்தம் இருபது.

ஒரு வேளையில் சொல்வது ஐந்து பத்துகள். தொடக்கத்தில் சொல்லும் மூன்றையும் கூட்டினால் 53. அதனால்தான் தமிழ்க் கத்தோலிக்கர் இதை ‘ஐம்பத்து மூன்று மணிச் செபம்’ என்பார்கள். மந்திரத்தின் முதற்பாதியை ஒருவர் சொல்ல, பிற்பாதியை மற்றவர்கள் சொல்வார்கள். புத்தகம் வேண்டியதில்லை, விளக்கும் வேண்டியதில்லை. பால்மரம் வெட்ட விடியுமுன் எழுந்தவர்களுக்கு, மாலையில் லயத்துத் திண்ணையில் அமர்ந்து சொல்ல இதைவிடப் பொருத்தமான செபம் இருந்திருக்க முடியாது.

என் தாத்தா நிபோங் திபால் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் வேலை செய்தவர். அங்கே பலகையாலான ஒரு சிறு கோயில் இருந்ததாம். குரு மாதம் ஒருமுறை வருவார். மற்ற ஞாயிற்றுக்கிழமைகளில் உபதேசியார் செபம் நடத்துவார். அவரும் தோட்டத் தொழிலாளிதான். கொஞ்சம் எழுதப் படிக்கத் தெரிந்தவர். பிள்ளைகளுக்கு மந்திரம் சொல்லிக்கொடுப்பது, சாகக் கிடப்பவர் பக்கத்தில் நின்று செபிப்பது, அடக்கத்துக்கு முன்நிற்பது எல்லாம் அவர் வேலை. குரு வந்த அன்றும் பூசை இலத்தீனில்தான். பீடத்தில் இலத்தீன் ஒலிக்க, கீழே பெண்கள் தமிழில் செபமாலை சொல்லிக்கொண்டிருப்பார்கள் என்று பாட்டி கூறுவார்.

இதிலிருந்து ஓர் உண்மை புலனாகிறது. 1960-களில் வத்திக்கான் சங்கத்துக்குப் பின் திருப்பலி தமிழுக்கு வரும்வரை, எங்கள் முன்னோர் கடவுளிடம் தம் சொந்த மொழியில் பேசியது பக்தி முயற்சிகளில்தான். பூசையின் மொழி இலத்தீன், குருவின் மொழி பிரெஞ்சு, தோட்டத்துரையின் மொழி ஆங்கிலம். செபமாலையின் மொழி மட்டும் தமிழ்.

வணக்கமும் ஆராதனையும்

“மாதாவைக் கும்பிடுவது கடவுளைக் கும்பிடுவது ஆகாதா?” என்பது அடுத்த கேள்வி. இதற்குத் திருச்சபை 787-இல் கூடிய இரண்டாம் நிசேயா சங்கத்திலேயே விடை சொல்லிவிட்டது. ஆராதனை கடவுள் ஒருவருக்கே உரியது. புனிதர்களுக்குத் தரப்படுவது வணக்கம். சுரூபத்துக்குச் செலுத்தும் மரியாதை மரத்தையோ சுண்ணாம்பையோ சேர்வதில்லை. அது யாரைக் குறிக்கிறதோ அவரைச் சேர்கிறது. புனிதர்கள் வரம் தருபவர்கள் அல்லர். நமக்காகப் பரிந்து பேசுபவர்கள்.

பரிந்து பேசுதல் என்பது தமிழர்களுக்கு எளிதில் விளங்கும். அப்பாவிடம் கேட்கத் தயங்குவதை அம்மாவிடமும், அம்மாவிடம் முடியாததைப் பாட்டியிடமும் சொல்லி அனுப்புகிறோம் அல்லவா? அன்னம்மாள் மரியாவின் தாய். அதாவது இயேசுவுக்குப் பாட்டி. அவருடைய பெயர் விவிலியத்தில் இல்லை. இரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த யாக்கோபு முன்னற்செய்தி என்னும் நூலில்தான் சுவக்கீன், அன்னா என்னும் பெயர்கள் வருகின்றன. முதிய வயது வரை பிள்ளையில்லாமல் கண்ணீர் விட்ட தம்பதி என்று அந்நூல் அவர்களைச் சித்திரிக்கிறது. பழைய ஏற்பாட்டில் குழந்தை வரம் கேட்டு நேர்ந்துகொண்டு சாமுவேலைப் பெற்ற அன்னாவின் கதையை இது நினைவூட்டுகிறது. பிள்ளை வரம் வேண்டி இங்கு வரும் பெண்களுக்கு இந்த வரலாறு முழுவதும் தெரிந்திருக்க வேண்டியதில்லை. தங்கள் வேதனை அன்னம்மாளுக்குப் புரியும் என்பது மட்டும் தெரியும்.

அவர்களில் இந்துக்களும் பௌத்தர்களும் உண்டு. சுங்கைப் பட்டாணியைச் சேர்ந்த என் அறைத்தோழி இந்து. அவளுடைய அம்மா ஆண்டுதோறும் ஜூலையில் இங்கே வந்து மெழுகுவத்தி ஏற்றிவிட்டுப் போவார். மதம் மாறும் எண்ணம் அவருக்கு இல்லை. மாறச் சொல்லி யாரும் கேட்டதுமில்லை. ஒரு தாய் இன்னொரு தாயிடம் வந்து போகிறாள், அவ்வளவுதான்.

மாலை, தேர், கொடியேற்றம், அன்னதானம் ஆகியவை இந்து சமயத்தோடு பொதுவாக இருப்பதும் உண்மையே. நாகப்பட்டினத்துக்கு அருகிலுள்ள வேளாங்கண்ணியில் ஆகஸ்டு 29-இல் கொடியேற்றித் தொடங்கும் திருவிழா, மாதாவின் பிறந்தநாளான செப்டம்பர் 8 வரை நடக்கும். மாதாவுக்குச் சேலை உடுத்துகிறார்கள், முடி காணிக்கை தருகிறார்கள், தென்னங்கன்று கொண்டுவருகிறார்கள். மரியாதை செய்யத் தமிழனுக்குத் தெரிந்த முறை இதுதான். ஜெர்மானியக் கத்தோலிக்கன் தொப்பியைக் கழற்றுகிறான். தமிழ்க் கத்தோலிக்கன் செருப்பைக் கழற்றுகிறான். பொங்கல் நாளில் நம் நாட்டு ஆலயங்கள் பலவற்றில் பால் பொங்கித் திருப்பலி நடக்கிறது. யாருக்கு நன்றி சொல்கிறோம் என்பதில்தான் சமயம் வேறுபடுகிறது; எப்படி நன்றி சொல்கிறோம் என்பது பண்பாட்டைச் சேர்ந்தது.

நேர்த்திக்கடன் வியாபாரமா?

எல்லாவற்றையும்விடக் கடினமான கேள்வி இதுதான். “இதைக் கொடு, நான் அதைச் செய்கிறேன்” என்று கடவுளிடம் பேரம் பேசலாமா? வெளிச்சடங்கைச் செய்துவிட்டால் போதும், பலன் தானாக வந்துவிடும் என்று நம்புவது மூடநம்பிக்கை என 1992-இல் வெளிவந்த கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல் தெளிவாகவே கூறுகிறது. இந்தச் செபத்தை ஒன்பது பேருக்கு அனுப்பாவிட்டால் கேடு வரும் என்று வாட்ஸ்அப்பில் வரும் செய்திகள் அந்த வகையைச் சேர்ந்தவை. அவற்றுக்கும் நவநாளுக்கும் தொடர்பில்லை. இயேசு விண்ணேறிய பின் மரியாவும் சீடர்களும் தூய ஆவியின் வருகைக்காகக் காத்திருந்து செபித்த நாள்களின் நினைவே நவநாள். அதாவது நவநாளின் பொருள் கட்டாயப்படுத்துவது அன்று, காத்திருப்பது.

ஏட்டில் உள்ள இந்த வேறுபாட்டை நான் விளங்கிக்கொண்டது என் அத்தையின் மூலம். அவருக்கு இரண்டு சிறுநீரகங்களும் செயலிழந்தன. வாரம் மூன்று முறை டயாலிசிஸ். அந்த நிலையிலும் ஜூலை மாதம் புக்கிட் மெர்தாஜாம் போக வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பார். மாமா காரில் கூட்டிப்போவார். 2020-இலும் 2021-இலும் பெருந்தொற்றால் திருவிழாக் கூட்டம் கூட வழியில்லை. வீட்டில் கைப்பேசியைச் சாமிமேடையில் சாய்த்து வைத்து, அதற்கு முன்னால் மெழுகுவத்தி ஏற்றிச் செபித்தார். உடல்நிலை மட்டும் தேறவில்லை. ஒருநாள் நான், “இத்தனை வருஷமா கேட்டும் கிடைக்கலையே அத்தை, உங்களுக்குக் கோபம் வரலையா?” என்று கேட்டேன். அவர் சிரித்தார். “கோபம் வராம என்ன? வரும். அதையும் அவங்ககிட்டதான் சொல்லுவேன். அது என்ன கடையாம்மா, சாமான் இல்லைன்னா திரும்பி வந்துடறதுக்கு?” என்றார்.

2022-இல் அத்தை காலமானார். அடக்கம் முடிந்த பிறகு அவருடைய செபப்புத்தகத்துக்குள் ஒரு தாள் இருந்தது. அதில் முப்பதுக்கும் மேற்பட்ட பெயர்கள். தமிழ்ப் பெயர்கள், சீனப் பெயர்கள், மலாய்ப் பெயர்களும்கூட. யார் இவர்கள் என்று எங்களுக்குப் புரியவில்லை. மாமாதான் சொன்னார், டயாலிசிஸ் நிலையத்தில் அவரோடு பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் இருந்தவர்கள் என்று. சில பெயர்களுக்குப் பக்கத்தில் சிறிய சிலுவைக்குறி இருந்தது; இறந்துபோனவர்கள். தாளின் மேலே ‘அன்னம்மாளிடம் சொல்ல வேண்டியது’ என்று எழுதியிருந்தார். அவருடைய சொந்தப் பெயர் அந்தப் பட்டியலில் எங்கும் இல்லை.

தனக்காகக் கேட்கத் தொடங்கியவர், எப்போதோ பிறருக்காகக் கேட்பவராக மாறியிருக்கிறார். யாரும் பிரசங்கம் செய்து அவரை மாற்றவில்லை. ஆண்டுதோறும் ஏற்றிய மெழுகுவத்தி மாற்றியிருக்கிறது. பக்தி முயற்சி வியாபாரமா என்று யாராவது கேட்டால் அந்தத் தாளே எனக்கு நினைவுக்கு வருகிறது. கேட்டது கிடைத்தவர்களைவிட, கிடைக்காமலும் வருகிறவர்களிடம்தான் இந்தப் பக்தியின் இயல்பு தெளிவாகத் தெரிகிறது.

சர்வேசுரனும் இறைவனும்

தமிழ்மொழிக் கழகத்தின் இதழ் என்பதால் மொழியைப் பற்றியும் சொல்ல வேண்டும். தமிழ் எழுத்தில் அச்சான முதல் நூல் 1578-இல் கொல்லத்தில் வெளிவந்த ‘தம்பிரான் வணக்கம்’. இந்திய எழுத்துகளிலேயே முதலில் அச்சேறிய நூலும் அதுதான். முத்துக்குளித்துறை மக்களுக்குச் செபம் சொல்லித்தர அண்டிரிக் அடிகளார் உருவாக்கியது அது. ஆக, தமிழ் அச்சின் வரலாறே எளிய மக்களின் செபத்திலிருந்து தொடங்குகிறது.

அன்றிலிருந்து இன்றுவரை கத்தோலிக்கத் தமிழில் பல அடுக்குகள் படிந்துள்ளன. குருசு, பாதிரி, ஸ்பிரீத்து சாந்து ஆகியவை போர்த்துகீசியத்திலிருந்து வந்தவை. சர்வேசுரன், அர்ச்சியசிஷ்டர், ஞானஸ்நானம், பிரியதத்தம் போன்றவை வடமொழி வழி வந்தவை. இறைவன், புனிதர், திருமுழுக்கு, அருள், தூய ஆவி ஆகியவை இருபதாம் நூற்றாண்டில் வழிபாட்டில் நிலைபெற்ற தமிழ்ச் சொற்கள். மங்கள வார்த்தைச் செபத்தைப் பாட்டி ‘பிரியதத்த மந்திரம்’ என்பார். நான் ‘அருள் நிறைந்த மந்திரம்’ என்பேன். இருவரும் சேர்ந்து செபமாலை சொல்லும்போது ஒரே செபம் இரண்டு நூற்றாண்டுத் தமிழில் ஒலிக்கும். அவர் வேகமாக முடித்துவிடுவார். நான் ஓரிரு சொல் பின்தங்கி வருவேன்.

பெயர்களும் அப்படியே. இலத்தீனில் பவுல் என்றால் சிறியவர், அதனால் சின்னப்பன். யோவான் என்றால் கடவுளின் அருள், அதனால் அருளப்பன். சவேரியார் வழியே சவரிமுத்து. ஆரோக்கிய மாதாவின் பெயரால் ஆரோக்கியசாமி, ஆரோக்கியமேரி. பால், ஜான் என்று பதிவு செய்வதைவிட இது எவ்வளவு அழகு! ஆனால் இன்று பிறப்புப் பத்திரங்களில் இந்தப் பெயர்கள் அருகிவிட்டன.

யார் சொல்லித்தருவது?

தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்டபோது தாத்தாவின் பலகைக் கோயிலும் போயிற்று. மக்கள் தாமான்களுக்கும் அடுக்குமாடி வீடுகளுக்கும் சிதறினர். அக்டோபர் மாதத்தில் வீட்டுக்கு வீடு மாதா சுரூபத்தை எடுத்துச் சென்று செபமாலை சொல்லும் வழக்கம் இன்னும் இருக்கிறது. எங்கள் வட்டாரத்தில் அதற்கு வரும் இளையோர் பலருக்குத் தமிழ் பேசத் தெரியும், படிக்கத் தெரியாது. எனவே மந்திரங்களை ரூமி எழுத்தில் அச்சடித்துத் தருகிறார்கள். பாட்டுகளும் அப்படியே. ரூமியில் ல, ள, ழ மூன்றும் ஒன்றாகிவிடுகின்றன. ந, ன, ண மூன்றும் ஒன்றாகிவிடுகின்றன. பொருள் தெரியாமல் ஒலியை மட்டும் பின்பற்றுகிறார்கள்.

இதைக் கேலி செய்ய எனக்கு மனமில்லை. செபிக்க வேண்டும் என்ற ஆசை இருப்பதால்தானே ரூமியிலாவது தேடுகிறார்கள்? என் தங்கையும் அவர்களில் ஒருத்தி. நான் தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு படித்துவிட்டுத் தேசிய இடைநிலைப்பள்ளிக்குச் சென்றேன். அவள் தொடக்கம் முதலே தேசியப் பள்ளி. அத்தையின் சடலம் கூடத்தில் இருந்த இரண்டு இரவுகளும் செபமாலை சொல்ல வேண்டியிருந்தது. பாட்டி மகளை இழந்த துக்கத்தில் குரலெடுக்க முடியாமல் இருந்தார். இறந்தோருக்கான பழைய மன்றாட்டுகள் மனப்பாடமாகத் தெரிந்த பெண்மணிகள் எங்கள் பங்கில் இரண்டு மூன்று பேரே மிஞ்சியிருந்தனர். அன்று அவர்களால் வர இயலவில்லை. கடைசியில் பாட்டியின் பழைய புத்தகம் என் கைக்கு வந்தது. எங்கள் தலைமுறையில் அதைப் படிக்கத் தெரிந்தவள் அந்த வீட்டில் நான் ஒருத்திதான். பத்தொன்பது வயதில் முன்னால் உட்கார்ந்து படித்தேன். தங்கை பக்கத்தில் அமர்ந்து எனக்குப் பின்னால் ஒவ்வொரு வரியாகச் சொன்னாள்.

குரு இல்லாத தோட்டத்தில் கொஞ்சம் படித்த ஒருவர் உபதேசியாராக நின்று இந்த நம்பிக்கையைக் காத்தார். இன்று குருக்கள் இருக்கிறார்கள், பெரிய ஆலயங்கள் இருக்கின்றன. 2023-இல் நம் பினாங்கு ஆயர் செபாஸ்தியான் பிரான்சிஸ் கர்தினாலாகவும் உயர்த்தப்பட்டார். ஆனால் வீட்டுக் கூடத்தில் தமிழில் செபம் தொடங்கிவைக்க ஆள் குறைந்துகொண்டே வருகிறது. தமிழ்ப்பள்ளி ஒரு பாடத்தையோ தேர்வையோ மட்டும் தருவதில்லை. இறந்தவருக்காக அவர் மொழியில் நாலு வார்த்தை சொல்லும் தகுதியையும் தருகிறது. இது கத்தோலிக்கருக்கு மட்டும் உரிய நிலையன்று. தேவாரம் ஓத ஆளில்லாத இந்து வீடுகளும் இருப்பதைத் தோழிகள் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

எனவே வாசகர்களிடம் என் வேண்டுகோள் எளியது. உங்கள் வீட்டில் பாட்டியோ தாத்தாவோ இருந்தால், எந்தச் சமயமானாலும், அவர்களுக்குத் தெரிந்த செபங்களையும் பாட்டுகளையும் கைப்பேசியில் பதிவு செய்யுங்கள். பிறகு அவற்றைத் தமிழ் எழுத்தில் எழுதி வையுங்கள். அதை வைத்துத் தம்பி தங்கையர்க்குத் தமிழ் எழுத்தைச் சொல்லிக்கொடுங்கள். நெஞ்சில் ஒலி ஏற்கெனவே இருப்பதால் எழுத்து விரைவாகப் பிடிபடும். என் தங்கை இப்போது பிரியதத்த மந்திரத்தைக் கொண்டே எழுத்துக் கூட்டிப் படிக்கிறாள். ‘ழ’கரம் இன்னும் வரவில்லை. ஐம்பத்து மூன்று மணிகளில் நான்காவது பத்துக்கு வந்திருக்கிறோம்.